வேதனையை அறிதல்

  

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'வேதனை' என்பது ஒன்று. மனவேதனை என்கிறோம், தாங்கொணா வேதனை என்கிறோம். தமிழில் இச்சொல்லுக்குத் துன்பம் என்னும் ஒரு பொருளே நிலைத்துவிட்டது. நம் அண்டை வீட்டார் பேசும் தெலுங்கிலும் அவ்வாறே. ஆனால் பகவன் புத்தரின் அறவுரைகளைக் காத்துத் தந்த பாலி மொழியிலோ வேதனை மூவகைப்படும். இன்பமாக நுகரப்படுவது ஒன்று, துன்பமாக நுகரப்படுவது ஒன்று, இரண்டுமல்லாதது ஒன்று. அச்சொல்லுக்கு வேர் 'வித்' என்பது. அறிதல் என்பது அதன் பொருள். வித்தை, வித்துவான் என்னும் சொற்களும் அவ்வேரில் முளைத்தவையே. ஆகவே வேதனை என்பது உணர்ந்து அறியப்படுவது என்றாகிறது. நாமோ அறிதலை நழுவவிட்டு, நோதலை மட்டும் கைக்கொண்டோம். இவ்விழப்பு சொல்லோடு நின்றதா, அன்றி நம் வாழ்விலும் உடம்பிலும் புகுந்ததா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

நம் தெருவில் ஒருவரைக் கண்டு, "எப்படி இருக்கிறீர்கள், அண்ணா?" என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார். அவரே மறுநாள் மருத்துவமனையில் வரிசையில் நிற்பார். "என்ன செய்கிறது?" என்று மருத்துவர் வினவினால், வயிறு எரிகிறது, நெஞ்சை அடைக்கிறது, தலை பாரமாயிருக்கிறது, உடம்பெல்லாம் அசதி என்பார். "மனத்தில் ஏதேனும் கவலை உண்டா?" என்று கேட்டால், "அப்படி ஒன்றும் இல்லை" என்பார். அவர் பொய் கூறவில்லை. தம்முள் நிகழ்வது கோபமா, அச்சமா, துயரமா என்று அவருக்கே தெரியவில்லை. உடம்பு மட்டும் அவருக்காகப் பேசிக்கொண்டிருக்கிறது.

உடம்பு இவ்வாறு பேசும் என்பதைத் தமிழர் அறியாதவரல்லர். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் உணர்ச்சிகளை எட்டாக வகுத்து, அவற்றுக்கு மெய்ப்பாடு என்றே பெயரிட்டார். உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் தோன்றுதலால் அது மெய்ப்பாடு. உவகையும் பெருமிதமும் நகையும் அவ்வெட்டில் அடங்கும். வெகுளியும் அச்சமும் அழுகையும் மருட்கையும் அடங்கும். எஞ்சி நிற்கும் இளிவரல் என்பதை நாம் கருத்தூன்றி நோக்க வேண்டும். தான் இழிவுற்றதாக ஒருவன் குன்றிப்போகும் உணர்ச்சி அது. அதற்குரிய காரணங்களுள் பிணியையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். நோயுற்றவன் நோவது மட்டுமன்று, நாணவும் செய்கிறான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மேல்நாட்டு மருத்துவர்கள் இந்நிலைக்குப் பெயரிட்டது அண்மைக் காலத்தில்தான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீட்டர் சிப்னியாஸ் என்னும் மனநோய் மருத்துவர், உடல் நோயால் வாடிய பலரிடம் ஒரு தன்மையைக் கண்டார். நிகழ்ச்சிகளை அவர்கள் விரிவாகக் கூறினர். அப்பொழுது எவ்வாறு உணர்ந்தனர் என்று கேட்டால் விழித்தனர். இதற்கு அவர் கிரேக்கச் சொற்களைக் கூட்டி 'அலெக்ஸிதைமியா' என்று பெயரிட்டார். உள்ளத்துக்குச் சொல் இல்லாமை என்பது அதன் பொருள். இதனை அளக்க 1994இல் கனடாவின் டொராண்டோ நகர அறிஞர்கள் இருபது வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றைத் திருத்தமுற வெளியிட்டனர். உணர்ச்சியை இன்னதென்று அறிய இயலாமை, அதனைப் பிறருக்கு எடுத்துரைக்க இயலாமை, எண்ணமெல்லாம் புறத்தே திரிதல் என மூன்று கூறுகளை அது அளக்கிறது. இது ஒரு நோயன்று, ஓர் இயல்பு. மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் இது மிகுந்திருப்பதாகப் பல நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன.

இவ்வியல்பு சிலருக்குப் பிறவியிலேயே அமையலாம். ஆயினும் நம் மக்களைப் பொறுத்தவரை நான் வேறொன்றையும் கருதுகிறேன். கோபத்தைக் காட்டினால் கூலி போகும், அடியும் விழும் என்ற நிலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர், முதலில் கோபத்தை மறைக்கக் கற்றனர். பிறகு தம் பிள்ளைகளுக்கும் அதைக் கற்பித்தனர். நெடுநாள் மறைத்த பொருளை, வைத்தவனே எங்கே வைத்தோம் என்று மறந்துவிடுவான் அன்றோ? அதுபோல மறைத்த கோபத்தை மறைத்தவனே மறந்தான். பிறர் இதனைப் பொறுமை என்று புகழ்ந்தனர். இது பொறுமையன்று. ததாகதர் போதித்த கந்தி என்னும் பொறுமை, கோபத்தைக் கோபமென அறிந்து அதன்வழிச் செல்லாமை. அறியாமலே அடங்கிக் கிடத்தல் அதனினும் வேறு.

இனி இதற்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். நம் குருதியிலும் நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் வெள்ளணுக்கள் என்னும் காவலர் உளர். கிருமி புகுந்தால் அதனை விழுங்குவோர் சிலர். கிருமி புகுந்த உயிரணுவையே அழிப்போர் சிலர். எதிர்ப்பொருளைச் சுரப்போர் சிலர். இக்காவலர் மூளையோடு உறவின்றித் தனித்து வாழ்வதாக நெடுங்காலம் எண்ணினர். 1975இல் ராபர்ட் ஏடர், நிக்கோலஸ் கோஹன் என்னும் இருவர் அவ்வெண்ணத்தை அசைத்தனர். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தொன்றைச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தனர். பின்னர் மருந்தின்றி இனிப்பு நீரை மட்டும் கொடுத்தபோதும் அவற்றின் எதிர்ப்பாற்றல் குன்றிற்று. மூளை கற்றதை வெள்ளணுக்களும் கற்றன! காவலர் தங்கும் உறுப்புக்களுக்கு நரம்புகள் செல்வதும் பின்னர் அறியப்பட்டது.

அச்சமோ சினமோ எழுந்தால் மூளை கட்டளையிடுகிறது, சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் நீரைச் சுரக்கின்றன, இதயம் விரைகிறது. ஆபத்து நீங்கினால் யாவும் அடங்கிவிடும். ஆபத்து நீங்காது நாள்தோறும் தொடருமாயின் காவலின் ஒழுங்கு குலைகிறது. 1991இல் இங்கிலாந்தில் ஷெல்டன் கோஹனும் அவர் குழுவினரும் 394 பேருடைய மூக்கில் சளிக்கிருமியை இட்டுப் பார்த்தனர். மன இறுக்கம் மிகுந்தவரிடையே நோய்த்தொற்றும் மிகுந்திருந்தது. 1995இல் அமெரிக்காவில், அறிவு மயங்கிய உறவினரை ஆண்டுக்கணக்கில் பேணிவந்த பெண்களின் கையில் சிறு புண் ஒன்று செய்து, அது ஆறும் காலத்தைக் கணக்கிட்டனர். மற்றவரைவிட அவர்களுக்கு ஒன்பது நாட்கள் கூடுதலாயின. வீட்டில் நோயாளியைப் பேணும் நம் தாய்மார்களை இவ்விடத்தில் நினைத்துப் பாருங்கள்.

தன் உணர்ச்சி இன்னதென்று அறியாதவன் நிலை யாது? ஆபத்து மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எதற்காக அடிக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாததை எவ்வாறு நிறுத்துவான்? ஜப்பானில் தேவராஜா என்பவரும் அவர் துணைவர்களும் 1997இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இவ்வியல்பு மிக்கவரிடம் கிருமி புகுந்த உயிரணுக்களை அழிக்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கக் கண்டனர். அதே ஆண்டில் இத்தாலியில் தொடரெல்லோ குழுவினர், இவ்வியல்புடைய பெண்களிடம் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்ததை எழுதினர்.

அன்பர்களே, இங்கே நிதானம் வேண்டும். இவை சிறு ஆராய்ச்சிகள். பின்வந்த ஆராய்ச்சிகள் யாவும் ஒரே முடிவைத் தரவில்லை. வெள்ளணுக்கள் சில குறைந்தமையாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடமாட்டார். இரண்டும் சேர்ந்திருந்தன என்பதற்கும், ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்பதற்கும் வேறுபாடு உண்டு. காரணத்தைத் தேர்ந்து தெளிக என்று போதித்த ஆசானின் மாணவராகிய நாம், "மனத்தை அடக்கியதால்தான் உனக்கு இந்நோய் வந்தது" என்று நோயாளியைக் குற்றங்கூறல் ஆகாது. முன்வினை என்று சொல்லி நம்மைத் தள்ளிவைத்த பழைய கொடுமைக்குப் புதுப்பெயர் சூட்டுவதாகவே அது முடியும்.

இவ்வுண்மையை நம் மண்ணின் வரலாறே தெளிவாக்கும். அன்றைய சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்னும் காசநோய் மருத்துவ நிலையம் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் தோன்றியது. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் பிரிமாட் மோல்லர் அதனை நடத்தினார். காசத்துக்கு மருந்தில்லாத காலம் அது. தூய காற்று, ஓய்வு, சத்துணவு, மன அமைதி ஆகியவற்றையே சானடோரியங்கள் பெரிதும் நம்பின. பின்னர் 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952இல் ஐசோநயாசிடும் வந்தன. 1956இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறு பகுதியினரை அவர்தம் நெருக்கமான சிறு வீடுகளிலும் வைத்து, இருசாராருக்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். வீட்டில் இருந்தவருக்கு ஓய்வும் குறைவு, உணவும் குறைவு. ஆயினும் 1959இல் வெளியான முடிவின்படி, குணமடைந்தோர் இருசாராரிலும் ஏறக்குறைய ஒப்பாகவே இருந்தனர். மருந்தே கிருமியைக் கொன்றது. மன அமைதி மருந்துக்கு ஈடாகாது என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

உணவோ எனில் நோய் வருமுன் காக்கும் கோட்டை. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆராய்ச்சியில், காசநோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு வழங்கியபோது, அவ்வீடுகளில் புதிதாகக் காசம் தோன்றுவது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்தது. மணிமேகலை கையில் அமுதசுரபி ஏன் வந்தது என்பதை இது விளக்கவில்லையா? பசிப்பிணியை முதலில் தீர்த்து, அதன் பின்னரே அறம் உரைத்தாள் அவள்.

அவ்வாறாயின் உணர்ச்சியை அறிவதால் பயன் யாது என்று கேட்பீர்கள். காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் இன்று மருந்து இலவசம். சாதாரணக் காசத்துக்கு ஆறு மாதம் உண்டால் போதும். உணவுக்கென 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாயாக உதவித்தொகை உயர்த்தப்பட்டது. இத்தனையும் இருக்க, இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் ஏன் சளியைச் சோதித்துக்கொள்ளப் போவதில்லை? வேலை போய்விடும் என்ற அச்சம். மகளுக்கு வரன் வராது என்ற அச்சம். பக்கத்து வீட்டார் தம்ளரைத் தனியே வைப்பரோ என்ற இளிவரல். இவ்வச்சத்தை அச்சமென்று அறியாதவர், "இது வெறும் இருமல்" என்று தமக்கே கூறிக்கொள்கிறார். தொடங்கிய மருந்தைப் பாதியில் விடுபவரும் பெரும்பாலும் இவ்வாறே. அறியப்படாத உணர்ச்சி வெள்ளணுக்களை எவ்வளவு குறைக்கிறது என்பது ஆராய்ச்சியாளர் தீர்க்கவேண்டிய வழக்கு. அது மருத்துவமனைக்குப் போகும் கால்களைக் கட்டிப்போடுகிறது என்பதோ நாம் நம் கண்ணாலேயே காண்பது.

சாவத்தி நகரத்துக் கிசா கோதமியை நினைவுகூர்வோம். இறந்த குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு வீடு வீடாகச் சென்று மருந்து கேட்டாள். அவளுக்கு அறிவில்லை என்று சிலர் நகைத்தனர். பகவன் நகைக்கவில்லை; "உன் பிள்ளை இறந்துவிட்டான்" என்று கடிந்துரைக்கவும் இல்லை. சாவு நிகழாத வீட்டிலிருந்து சிறிது கடுகு வாங்கி வா என்றார். அவள் ஒவ்வொரு வாயிலிலும் நின்று கேட்டாள். ஒவ்வொரு வீட்டாரும் தம் துயரத்தைச் சொன்னார்கள். பிறர் துயரத்தைக் கேட்கக் கேட்கத் தன் துயரம் இன்னதென்று அவளுக்குத் தெரிந்தது. மாலையில் குழந்தையைக் கீழே இறக்க அவளால் இயன்றது. பிள்ளைக்கென்று அவள் கேட்ட மருந்து உண்மையில் அவளுடைய துயரத்துக்கே வேண்டியிருந்தது.

நான் இருபதாண்டுகளுக்கு மேல் நூற்பாலையில் உழைத்தவன். என்னோடு வேலை செய்த தம்பி ஒருவனுக்கு ஓயாத வயிற்றெரிச்சல். மூன்று மருத்துவரிடம் சென்றான். வயிறு என்பதற்குமேல் ஒரு சொல் சொல்லமாட்டான். மாத்திரையை இரண்டு நாள் உண்பான், விட்டுவிடுவான். ஒருநாள் மாலை நம்மவர் சிலர் கூடியிருந்தபோது, இரண்டு அம்புகளைப் பற்றிய பகவனின் உவமையை நான் விளக்கினேன். உடம்பில் தைப்பது முதல் அம்பு; அதன்மேல் மனம் எய்துகொள்வது இரண்டாம் அம்பு. எல்லோரும் எழுந்து போன பிறகும் அவன் உட்கார்ந்திருந்தான். "அண்ணா, அன்று மேற்பார்வையாளர் சாதிப் பெயரைச் சொல்லி என்னை ஏசினாரே, அப்பொழுது மதியச் சோறு கொண்டுவந்த என் மகன் வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்" என்றான். "அப்பொழுது உனக்கு என்ன தோன்றிற்று, தம்பி?" என்று கேட்டேன். நெடுநேரம் சென்று, "கோபம் என்று நினைத்திருந்தேன். இல்லை, வெட்கம்" என்றான்.

அவன் வயிற்றுவலி அன்றே நீங்கிற்று என்று கதை சொல்ல நான் வரவில்லை. அதன்பின் அவன் மருத்துவரின் வினாக்களுக்கு விடை கூறினான். மாத்திரையை முறையாக உண்டான். மகனை அருகில் அமர்த்தி, அன்று நிகழ்ந்ததில் அவமானம் யாருடையது என்பதை எடுத்துரைத்தான். இவை மூன்றும் சிறியன அல்ல.

ஆலையில் ரிங் பிரேமில் நிற்பவர் அறிவர்: இழை அறுந்தவுடன் கண்டால் ஒரு நொடியில் ஒட்டிவிடலாம். காணாது விட்டால் பஞ்சு உருளையைச் சுற்றிக்கொள்ளும். பக்கத்து இழைகளையும் இழுத்து அறுக்கும். பிறகு கத்தியால்தான் அறுத்தெடுக்க வேண்டும். பகவன் வகுத்த சதிபட்டானம் அறுந்த இழையை அறுந்தவுடன் காணும் பயிற்சி. உடம்பை உடம்பாகவும், வேதனையை வேதனையாகவும், சித்தத்தைச் சித்தமாகவும், தம்மங்களைத் தம்மங்களாகவும் நோக்குதல் அதன் நான்கு நிலைகள். சித்தத்தைப் பதினாறு வகையாக அங்கே எண்ணுவர். பற்றுள்ள மனம் எழுந்தால் பற்றுள்ளது என்று அறிவது. வெறுப்புள்ள மனம் எழுந்தால் வெறுப்புள்ளது என்று அறிவது. அறிதலே முதலில் வேண்டப்படுகிறது. விரட்டு என்றோ, வெட்கப்படு என்றோ அங்குக் கூறப்படவில்லை.

உணர்ச்சியைச் சொல்லாக்குவதன் பயனை இக்காலத்தாரும் சோதித்துள்ளனர். 1995இல் நியூசிலாந்தில் 40 மருத்துவ மாணவரைத் தேர்ந்து, ஒரு பாதியினரைத் தம் வாழ்வில் நேர்ந்த துயரத்தை நான்கு நாட்கள் எழுதச் செய்தனர். மறு பாதியினரைச் சாதாரணச் செய்திகளை எழுதச் செய்தனர். பின்னர் யாவருக்கும் மஞ்சட்காமாலைத் தடுப்பூசி இட்டனர். துயரத்தை எழுதியவர் குருதியில் எதிர்ப்பொருள் கூடுதலாக இருந்தது. இதுவும் சிறு ஆராய்ச்சியே. எனினும் ஒரு நோட்டுப்புத்தகமும் பென்சிலும் நமக்குப் பெருஞ்செலவல்லவே!

ஆதலின் நான் உங்களை வேண்டுவது இது. இரவில் படுக்குமுன் சற்று நேரம் அமைதியாக உட்காருங்கள். உடம்பில் எவ்விடம் இறுகியிருக்கிறது என்று முதலில் காணுங்கள். அங்கு உள்ளது இன்பமா, துன்பமா, இரண்டும் அல்லாததா என்று அடுத்துக் காணுங்கள். பிறகு அதற்கொரு பெயர் கொடுங்கள்: வெகுளியா, அச்சமா, துயரமா, இளிவரலா? பெயர் உடனே வராவிட்டால் வருந்தவேண்டா, நாளை வரும். தெலுங்கில் வந்தாலும் குற்றமில்லை. இரண்டு மொழியில் வாழும் நமக்குச் சொற்களும் இரண்டு மடங்கு.

இது தனியே செய்யும் காரியம் மட்டுமன்று. வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவனைப் பகவனும் ஆனந்தரும் நீராட்டிப் படுக்க வைத்தனர். நோயாளியைப் பேணுவது தம்மைப் பேணுவதற்கு ஒப்பாகும் என்று பகவன் சங்கத்தாருக்கு உணர்த்தினார். ஆகவே நம்முள் ஒருவர் கூட்டத்துக்கு இரண்டு வாரம் வராவிட்டால் அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். "ஒன்றுமில்லை" என்று அவர் கூறினால் உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். சிறிது நேரம் உடனிருங்கள். இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைக்கோ, திருப்பதி ரூயா மருத்துவமனைக்கோ, வேலூருக்கோ கூடவே அழைத்துச் செல்லுங்கள். அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்றும் பாருங்கள். மருந்தும் சோறும் செவிகொடுத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல, மூன்றும் கருணையே.

வேதனை என்ற சொல்லுக்கு அதன் இழந்த பாதியை நாம் மீட்டுக் கொடுப்போம். நோவதோடு நில்லாது, நோவதை அறிவோம். அறிந்ததை அஞ்சாது சொல்வோம். சொல்பவரை நகையாது கேட்போம்.

எல்லா உயிர்களும் நோயின்றி, பகையின்றி, அச்சமின்றி வாழ்க. சாது! சாது! சாது!